பூசுவதற்கு முன் தட்டிப் பாருங்கள்: பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தாய்மார்களுக்கும் தந்தையர்க்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் கான்கிரீட்டைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருப்பவன். சிவில் டிப்ளமோ முடித்து இந்த வேலைக்கு வந்து 22 வருஷம் ஆகிறது. பாலம், தண்ணீர்த் தொட்டி, மில் கட்டடம், அடுக்குமாடி, பள்ளிக்கூடம் என்று கருவிப் பெட்டியோடு ஊர் ஊராகப் போவேன். தூணின் ஒரு பக்கத்திலிருந்து ஒலியை அனுப்புவேன், மறுபக்கம் எப்போது வந்து சேர்கிறது என்று பார்ப்பேன், எழுதித் தருவேன். அந்த ஒலி நம் காதுக்குக் கேட்காது. ஆனால் உள்ளே ஓட்டை இருக்கிறதா, விரிசல் ஓடுகிறதா, ஜல்லியும் சிமெண்டும் ஒழுங்காகச் சேர்ந்திருக்கின்றனவா என்பதையெல்லாம் அது காட்டிக்கொடுத்துவிடும்.

இதைப் பொறியாளர்களுக்கோ அதிகாரிகளுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் இருக்கிறது. இந்தச் சோதனையைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். ஆனால் யாராவது கேட்டால்தான் கோப்பு நகரும். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்காவது பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரிக்கும் பொறுப்பையும் அந்தக் குழுவிடம்தான் கொடுத்திருக்கிறது. கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் என்று நீங்கள் எழுதுகிற அந்தத் திட்டத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லித்தான் இந்த மடல். கூரையைப் பூசுவதற்கு முன்னாலும், இடிப்பதற்கு முன்னாலும், ஒருமுறை ஒலி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். நாலு வகுப்பறை, ஒரு வராண்டா, கொஞ்சம் தள்ளி சத்துணவுக் கூடம். வகுப்பறைகளை மட்டும் பார்த்தால் போதும் என்றுதான் எங்களுக்கு உத்தரவு. மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த நேரம், சமையல் செய்யும் அக்கா எங்களிடம் வந்தார். "சார், எங்க ரூமையும் கொஞ்சம் பாத்துட்டுப் போங்க. ஒட்டடை அடிக்கும்போது அந்த மூலையில மட்டும் சத்தம் வேற மாதிரி கேக்குது."

உள்ளே போனோம். கூரையின் அடிப்பக்கம் புகை படிந்து கறுத்திருந்தது. விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஈரத் தடம்கூட இல்லை. அக்கா ஒட்டடைக் கம்பைத் திருப்பிப் பிடித்து, கதவு பக்கமிருந்து ஆரம்பித்து வரிசையாகத் தட்டிக்கொண்டே வந்தார். டக், டக், டக் என்று ஒரே மாதிரி கேட்டது. அடுப்புக்கு மேலே வந்ததும் அந்த டக் போய் 'பொத்' என்றது. "கேட்டீங்களா?" என்று கம்பை அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

நான் ஏணி போட்டுச் சுத்தியலால் தட்டி, சத்தம் மாறுகிற எல்லையைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு போனேன். கடைசியில் பார்த்தால் ஒரு கோரைப்பாய் அளவுக்கு வட்டம் வந்திருந்தது. ஓரத்தில் உளியை வைத்து லேசாக நெம்பினேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு சில்லு அப்படியே கையோடு வந்துவிட்டது. பின்னால் கம்பி துருவேறி, வெங்காயச் சருகு மாதிரி அடுக்கடுக்காக உரிந்து நின்றது. அந்தப் பாய் அளவு கான்கிரீட் முழுக்கக் கம்பியை விட்டுப் பிரிந்து, ஓரங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கியிருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் அந்த அக்கா தினமும் காலை எட்டரை மணியிலிருந்து நின்று சாதம் வடிக்கிறார். அன்றைக்குச் சாயங்காலமே அடுப்பை வராண்டாவுக்கு மாற்றினார்கள்.

அவர் செய்ததைத்தான் எங்கள் தொழில் செய்கிறது. சந்தையில் மண்பானை வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிப் பார்க்காமல் யாராவது வாங்குவோமா? கணீரென்று கேட்டால் வாங்குவோம். பொத்தென்று கேட்டால், விரிசல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கீழே வைத்துவிடுவோம். என் அம்மா பானைக்காரரோடு பேரம் பேசிக்கொண்டே காதைப் பானைப் பக்கம் வைத்திருப்பார். தேங்காய், தர்பூசணி, பலாப்பழம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். முன்பெல்லாம் பெரிய ஸ்டேஷனில் ரயில் நின்றால் நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு ஒருவர் இறங்கி, சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார், பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் பாலத்தின் மேல் சங்கிலியை இழுத்துக்கொண்டே நடந்து, சத்தம் மந்தமாகிற இடத்தைக் குறிக்கிற வழக்கம் இன்றும் இருக்கிறது. கான்கிரீட்டின் மேல்தோல் பிரிந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க மனிதக் காதே போதும்.

ஏன் பிரிகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல கான்கிரீட் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. காற்றில் உள்ள கரியமில வாயு வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய் அந்தக் காரத்தைத் தின்றுவிடுகிறது. கம்பிக்குக் கீழே ஓர் அங்குலம் கான்கிரீட் இருந்தால் அது கம்பியைத் தொடப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆனால் கம்பிக்கு அடியில் இடைவெளி விட வைக்கும் கவர் பிளாக் என்ற சின்னக் கட்டைகளை வைக்காமல், கம்பியை சென்ட்ரிங் பலகை மேலேயே படுக்கப்போட்டுக் கான்கிரீட் கொட்டியிருந்தால், அது சீக்கிரமே நடந்துவிடும். கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. 70களிலும் 80களிலும் கட்டிய பள்ளிகளில் பெரும்பாலும் டார் கம்பிதான் இருக்கும். முறுக்கித் தயாரித்த அந்தக் கம்பி துருவுக்குச் சீக்கிரம் இடம் கொடுப்பதை நான் நிறைய இடங்களில் பார்த்துவிட்டேன். துரு என்பது இரும்பை விட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடத்தை அடைக்கும். உள்ளே வீங்குகிற அந்தத் துரு, கீழே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளித் தள்ளிப் பிரித்துவிடுகிறது. பிரிந்ததும் கீழே விழ வேண்டும் என்று இல்லை. பூச்சும் சுண்ணாம்பும் பிடித்துக்கொண்டிருக்க, மாதக் கணக்கில் அப்படியே நிற்கும்.

சரி, காதே போதுமென்றால் கருவி எதற்கு? தூணுக்குள்ளும் பீமுக்குள்ளும் ஆழத்தில் இருக்கும் கோளாறு தட்டினால் கேட்காது. அங்கேதான் கருவி வேண்டும். கையடக்கமான இரண்டு உலோக உருளைகள், நடுவில் ஒரு சின்னப் பெட்டி, இரண்டு ஒயர். உருளைகளுக்குள் மின்சாரம் பட்டால் அதிர்கிற படிகம் இருக்கிறது. நாங்கள் வழக்கமாக வைத்திருப்பது விநாடிக்கு 54,000 தடவை அதிரும். நம் காதுக்கு எட்டுவது ஏறத்தாழ 20,000 வரைதான். தூணின் இரு பக்கமும் பூச்சைச் சுரண்டிவிட்டு, கிரீஸ் தடவி, உருளைகளை எதிரெதிரே அழுத்திப் பிடிக்க வேண்டும். கிரீஸ் இல்லாவிட்டால் நடுவில் இருக்கும் மெல்லிய காற்றே ஒலியைத் திருப்பி அனுப்பிவிடும்.

அந்தக் காற்றுதான் இந்தச் சோதனை முழுக்கவும் நமக்கு வேலை செய்கிறது. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். நல்ல கான்கிரீட்டில் 4,000 மீட்டருக்கு மேல் போகும். வழியில் ஒரு விரிசலோ பொந்தோ வந்தால் அங்கே இருக்கும் காற்றைத் தாண்ட முடியாமல் ஒலி சுற்றிக்கொண்டு வரும். பாதை நீளுவதால் வந்து சேரத் தாமதமாகும். 300 மில்லிமீட்டர் தூணில் 75 மைக்ரோ விநாடி காட்டினால், விநாடிக்கு 4 கிலோமீட்டர் வேகம், தூண் நன்றாக இருக்கிறது. அதே தூணில் ஓர் அடி கீழே வைத்ததும் 110 காட்டினால் வேகம் 2.7 ஆகிவிடும். அந்த இடத்தில் கான்கிரீட்டைக் குத்திவிடாமல் கொட்டியிருப்பார்கள், ஜல்லிக்கு நடுவே சிமெண்ட் பால் இறங்காமல் தேன்கூடு மாதிரி நின்றிருக்கும். ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வருவதில் ஒரு பங்கு. அந்த அளவு சின்ன நேரத்தில், ஒரு மேஸ்திரி முப்பது வருஷத்துக்கு முன் அவசரமாக வேலையை முடித்துவிட்டுப் போனது தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

இது புதிதும் அல்ல. உலோகத்துக்குள் கோளாறு தேட ஒலியைப் பயன்படுத்தலாம் என்று சோவியத் நாட்டின் சோகலோவ் சொன்னது 1928இல். அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன் எதிரொலியை வைத்து அதைக் கருவியாக்கியது 1940களில். அதே பத்தாண்டில் கனடாவின் ஒன்டாரியோ மின்வாரியத்தில் லெஸ்லி, சீஸ்மன் என்ற இருவர், அணைகளில் விழுந்த விரிசல் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க இதைக் கான்கிரீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டில் இதற்கென்றே 1992இல் ஐ.எஸ். 13311 என்ற தர விதி வந்தது. பிறகு 2018இல் அதை ஐ.எஸ். 516இன் ஐந்தாம் பகுதியில் சேர்த்தார்கள். 1992ஆம் ஆண்டு அட்டவணைப்படி, வேகம் 4.5க்கு மேல் இருந்தால் மிக நன்று, 3.5க்கு மேல் நன்று, 3க்குக் கீழே போனால் சந்தேகம்.

நம் ஊரிலேயே பாருங்கள். திருச்சியில் பாய்லர் செய்கிற பட்டறைகளில், முக்கியமான வெல்டிங்குகளை ஒலியோ கதிரோ வைத்துச் சோதிக்காமல் வெளியே அனுப்பமாட்டார்கள். என்னோடு படித்தவர்கள் பலர் அந்த வேலையில்தான் இருக்கிறார்கள். தண்டவாளத்தில் ஒலிக் கருவி பொருத்திய சின்ன வண்டியைத் தள்ளிக்கொண்டு, தண்ணீர் விட்டுக்கொண்டே, வெயிலில் கிலோமீட்டர் கணக்கில் நடக்கிற ரயில்வே ஊழியர்களைப் பார்த்திருப்பீர்கள். உடனே மாற்ற வேண்டிய தண்டவாளத்தில் சிவப்புப் பெயிண்டால் மூன்று பெருக்கல் குறி போடுவார்கள். கவனித்துக்கொண்டிருக்க வேண்டியதற்கு ஒரு குறி. பாய்லருக்கும் தண்டவாளத்துக்கும் இப்படிக் கெடு வைத்துச் சோதனை நடக்கிறது. நம் பிள்ளைகள் நாளைக்கு ஆறேழு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் கூரையை ஆண்டுக்கு ஒருமுறை யாராவது அண்ணாந்து பார்ப்பார்கள், அதோடு சரி. 22 வருஷத்தில், ஏதாவது விழுந்த பிறகு அல்லாமல் அதற்கு முன்னாலேயே என்னைக் கூப்பிட்ட பள்ளிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்தச் சோதனைக்கு எட்டாததையும் சொல்லியாக வேண்டும். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு பலர் என்னிடம், "உன் கருவி இருந்திருந்தால் தெரிந்திருக்குமே" என்றார்கள். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அஸ்திவாரம் இல்லாமல் எழுப்பிய சுவரோ, குறுக்கே கட்டில்லாமல் தனியே நிற்கிற சுவரோ, ஈரம் ஊறிய செங்கல் சுவரோ விழுமா நிற்குமா என்று இந்தக் கருவி சொல்லாது. செங்கலுக்கும் சாந்துக்கும் நடுவே எத்தனையோ இடைவெளி, ஒலி அங்கே சிதறிப்போகும். அதற்குத் தூக்குக்குண்டு வேண்டும், அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும், அனுபவமுள்ள பொறியாளர் நேரில் நின்று பார்க்க வேண்டும். கான்கிரீட் கூரை, பீம், தூண், சன்ஷேட், தண்ணீர்த் தொட்டி ஆகியவைதான் என் எல்லை.

அந்த எல்லைக்குள்ளும் கருவி ஏமாறும். விரிசலுக்குள் தண்ணீர் நிறைந்திருந்தால் ஒலி அதைத் தாண்டிப் போய்விடும், விரிசலே இல்லாத மாதிரி காட்டும். அதனால் அடைமழைக்கு மறுநாள் எடுத்த அளவை நான் நம்பமாட்டேன். ஒலி போகிற வழியிலேயே கம்பி நீளவாக்கில் படுத்திருந்தால், இரும்பில் வேகம் அதிகம் என்பதால் கான்கிரீட் இருப்பதை விட நன்றாகத் தெரியும். ஆகவே முதலில் கம்பி எங்கே ஓடுகிறது என்று வேறொரு கருவியால் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, துப்பாக்கி மாதிரி சுவரில் அழுத்தி 'டப்' என்று அடிக்கிற ஒரு சுத்தியல் உண்டு. 1948இல் சுவிட்சர்லாந்தில் ஷ்மிட் என்பவர் உருவாக்கியது. எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்பதை வைத்து மேற்பரப்பின் கடினத்தை அது சொல்லும். பழைய கான்கிரீட்டில் கரியமில வாயு ஏறிய மேல்தோல் இன்னும் கடினமாகிவிடும். உள்ளே கம்பி துருப்பிடிக்க எது காரணமோ, அதே காரணத்தால் இந்தச் சுத்தியலில் எண் கூடுதலாக வரும்! அதனால் அந்த ஒரு சுத்தியலை மட்டும் அடித்துவிட்டு 'கட்டடம் உறுதி' என்று யாராவது எழுதித் தந்தால் அதை ஏற்காதீர்கள். கூடவே ஃபீனால்ஃப்தலின் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்பு ஆய்வகத்தில் இருக்குமே, அதேதான். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் தெளித்தால், காரம் மிச்சமிருக்கும் இடம் ரோஸ் நிறமாக மாறும், காரம் போன இடம் நிறம் மாறாமல் நிற்கும். பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் புரியும்.

இனி என் மனக்குறையைச் சொல்கிறேன்.

ஒரு பள்ளிக்குச் சோதனைக்குப் போனபோது கூரையில் புதிதாகப் பூச்சு வேலை முடிந்திருந்தது. ஆண்டு விழாவுக்காக வேகவேகமாக செய்திருக்கிறார்கள். சுவரெல்லாம் மயில், மான், அப்துல் கலாம் படம். கண்ணுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. பூச்சைச் சுரண்ட வேண்டும் என்றதும் பொறுப்பில் இருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்பதான் பெயிண்ட் அடிச்சோம், மேலோட்டமா பார்த்து எழுதிக் குடுங்க" என்றார். பூச்சின் மேலேயே வைத்து அளவெடுத்தால் ஒன்றும் சரியாக வராது. பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் பூச்சின் கோளாறா, கான்கிரீட்டின் கோளாறா என்று பிரிக்கவே முடியாது. நான் எழுதித் தராமல் திரும்பிவிட்டேன். அப்புறம் அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தகவல் வரவில்லை. எப்போதாவது அந்தப் பாதையில் பஸ்ஸில் போனால் ஜன்னல் வழியாக அந்தக் கூரையைத் தேடிப் பார்த்துக்கொள்கிறேன்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு பூசுவதில்லை. கம்பி தெரிகிறது, அசிங்கமாக இருக்கிறது, கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு ஒட்டுப் போடச் சொல்கிறோம். ஆனால் துருவைச் சுத்தமாக எடுக்காமல், மேலே இருக்கும் நீர்க்கசிவை அடைக்காமல் போட்ட ஒட்டு, உள்ளே துருவை இன்னும் வசதியாக வளரவிடுகிறது. முன்பு கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த எச்சரிக்கை இப்போது மறைந்தும் போகிறது. பிரிந்து நிற்கும் கான்கிரீட்டின் மேல் இன்னும் ஓர் அங்குலச் சாந்தை ஏற்றினால் அதன் எடையும் கூடுகிறது. தலைக்கு மேலே.

இடிப்பதிலும் இதே அவசரம் உண்டு. ஓர் ஊரில் ஆறு வகுப்பறைக் கட்டடம் ஒன்றில் சன்ஷேட் விழுந்தது. நல்லவேளையாக ஞாயிற்றுக்கிழமை. மொத்தக் கட்டடத்தையும் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகளில் பாதிப் பேர் வேப்பமரத்தடியில், பாதிப் பேர் சமுதாயக்கூடத்தில். இடிக்க வேண்டும் என்று தீர்மானமும் போட்டாகிவிட்டது. கடைசி நேரத்தில் அந்த ஊர்த் தாய்மார் சிலர், புதுக் கட்டடம் வர எத்தனை வருஷம் ஆகுமோ என்ற பயத்தில், ஒருமுறை சோதித்துப் பார்க்கச் சொல்லிப் பிடிவாதமாக நின்றிருக்கிறார்கள். நாங்கள் இரண்டு நாள் அங்கே வேலை செய்தோம். தூண்களிலும் பீம்களிலும் வேகம் 3.8இலிருந்து 4.3 வரை வந்தது. இரண்டு இடத்தில் கான்கிரீட்டைக் குடைந்து உருளையாக எடுத்து ஆய்வகத்தில் நசுக்கியும் பார்த்தோம், ஒத்துப்போனது. பழுது இருந்ததெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்த சன்ஷேட்களிலும் கைப்பிடிச் சுவரிலும் ஓர் அறையின் மூலையிலும்தான். மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு அந்த மூலையில் தண்ணீர் தேங்கியதால் வந்த வினை. முடிவு எங்கள் கையில் இல்லை, வட்டாரப் பொறியாளர் வந்து எல்லாவற்றையும் பார்த்து, சன்ஷேட்களை இடித்துவிட்டு மற்றதைச் சரிசெய்ய எழுதினார். அடுத்த கல்வியாண்டில் பிள்ளைகள் அதே வகுப்பறைகளில் உட்கார்ந்தார்கள்.

இடிக்கவே வேண்டிய கட்டடங்களும் இருக்கின்றன, நானே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். தூணில் 2.4, 2.2 என்று எண் வந்துகொண்டே இருந்தால் அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பதெல்லாம் இதுதான். உங்கள் மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதுங்கள். பள்ளியில் உள்ள கான்கிரீட் கட்டடங்களை, பழுது பார்க்கும் வேலைக்கு முன், ஒலி அலைச் சோதனை உட்பட சேதமில்லாச் சோதனைகளுக்கு உட்படுத்த வேண்டும் என்று ஒரே வாக்கியம் போதும். அதை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் உங்கள் பள்ளிக் கட்டடத்துக்குப் பொறுப்பான பொறியாளருக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். அரசுப் பொறியியல் கல்லூரிகளிலும் பல பாலிடெக்னிக்குகளிலும் இந்தக் கருவிகள் இருக்கின்றன. பள்ளி கேட்டால் மாணவர்களோடு வந்து பார்க்க ஆர்வமுள்ள பேராசிரியர்கள் உண்டு. நாலு வகுப்பறைக்கு எனக்கு ஒரு நாள் போதும்.

சோதனைக்கு வருகிறவர்கள் வேலை செய்யும்போது உங்களில் ஒருவராவது பக்கத்தில் நில்லுங்கள். பூச்சைச் சுரண்டுகிறார்களா, கிரீஸ் வைக்கிறார்களா, கம்பியைத் தேடிக் குறிக்கிறார்களா என்று பாருங்கள். புரியாததைக் கேளுங்கள், சொல்வது எங்கள் கடமை. அறிக்கை வரும்போது, 'நல்ல நிலையில் உள்ளது' என்ற ஒற்றை வரியைக் கையில் வாங்கிக்கொள்ளாதீர்கள். கட்டடத்தின் வரைபடம் இருக்க வேண்டும், எந்தத் தூணில் எந்த உயரத்தில் எத்தனை வேகம் வந்தது என்று எண்கள் இருக்க வேண்டும், சோதித்த தேதியும் அன்றைக்கு மழை பெய்ததா என்பதும் இருக்க வேண்டும். அதன் ஒரு பிரதியைத் தலைமையாசிரியர் அறையில் பத்திரமாக வையுங்கள். மூன்று வருஷம் கழித்து அதே இடங்களில் மறுபடி அளந்தால், எது கெட்டுக்கொண்டு வருகிறது என்று அப்போதுதான் தெரியும். முதல் அளவு இல்லாவிட்டால் இரண்டாவது அளவுக்குப் பாதி மதிப்புதான்.

பள்ளி வளாகத்துக்குள்ளோ மதிலை ஒட்டியோ மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எந்நேரமும் ஈரம், குளோரின் கலந்த தண்ணீர், மெல்லிய தூண்கள், மேலே ஆயிரக்கணக்கான லிட்டர் சுமை. இன்டர்வெல் மணி அடித்ததும் பிள்ளைகள் நிழல் தேடிப் போய் நிற்பது அதற்குக் கீழேதான்.

இதற்கெல்லாம் நாளாகும். அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், ஒரு சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லாத நேரத்தில், நாலைந்து பேர் சேர்ந்து போங்கள். நீளமான மூங்கில் கம்பு ஒன்று, சாக்பீஸ், தலைக்கு ஹெல்மெட். வண்டியில் போடுகிற ஹெல்மெட் போதும். எங்கே தட்டுகிறீர்களோ அதற்கு நேர் கீழே நிற்காமல் தள்ளி நின்று, கம்பைச் சாய்த்துப் பிடித்து, மெதுவாகத் தட்டுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், பேச்சையும் நிறுத்திவிடுங்கள். நல்ல இடத்தில் நாலு தடவை தட்டிக் காதுக்குப் பழக்கிக்கொண்டு, பிறகு சுவர் ஓரங்கள், மூலைகள், ஃபேன் கொக்கியைச் சுற்றி, கழிப்பறைக்கும் தொட்டிக்கும் கீழே உள்ள கூரை என்று போங்கள். சத்தம் மாறுகிற இடத்துக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அந்த இடத்தில் பெஞ்ச் போட வேண்டாம் என்று தலைமையாசிரியரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். போட்டோ எடுத்துத் தீர்மானத்தோடு இணைத்து அனுப்புங்கள். நீங்களாக எதையும் உடைத்துப் பார்க்காதீர்கள். சன்ஷேட்டைக் கம்பால் தொடவே வேண்டாம், அதைப் பொறியாளர் வந்து பார்க்கட்டும்.

போகும்போது சத்துணவு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் கூரையை வாராவாரம் தட்டிக்கொண்டிருப்பவர் அவர்தான். எந்த மூலையில் சத்தம் மாறியது, எந்த மழைக்குப் பிறகு மாறியது என்று அவரிடம் முதலில் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

இப்படிக்கு,
கான்கிரீட் சோதனைத் தொழில்நுட்பர் ஒருவர்